ஆரோக்கியப்பச்சையும் காணிக்காரர் சான்றும்: திருவனந்தபுரத்து மருந்தியல் ஆய்வு வரலாற்றில் ஒரு பகுதி

முன்னுரை

தாவர மருந்துகளைப் பற்றிய மருந்தியல், நச்சியல் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே வகைத் தொடரோடு தொடங்குகின்றன. 'இத்தாவரத்தை மலைவாழ் மக்கள் இன்ன நோய்க்குப் பயன்படுத்தி வருகின்றனர்' என்பது அத்தொடர். அதன்பின் சாறு பிரித்தல், எலிகளுக்கு அளித்தல், உறுப்புகளைச் சோதித்தல், எண்களை அட்டவணைப்படுத்தல் என ஆய்வு விரிகிறது. சொன்னவர் யார், எம்மொழியில் எச்சொல்லால் சொன்னார், தாவரத்தின் எவ்வுறுப்பை எந்நிலையில் எவ்வளவு கொள்ள வேண்டும் என்றார் என்பன அவ்வொரு தொடருக்குள் மறைந்துவிடுகின்றன. மருந்தின் ஆற்றலை ஆராய்வது மருந்தியல். பொருளின் தீங்கை ஆராய்வது நச்சியல். இவ்விரு துறைகளிலும் அளவே அடிப்படை. ஆயினும் அளவீடு தொடங்குவதற்கு முன்னரே ஒரு மனிதரின் சொல் சான்றாக நிற்கிறது. அச்சொல்லை ஆய்வுத் தரவாகக் கொள்ளாது முகப்புரையாக மட்டும் கொள்வதால் நேரும் இழப்பு அறிவியலுக்கும் உண்டு, சொன்னவருக்கும் உண்டு.

இதனைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு திருவனந்தபுரம் மாவட்டத்து அகத்தியமலைச் சாரலில் நிகழ்ந்தது. ஆரோக்கியப்பச்சை என்னும் சிறுசெடி காணிக்காரரின் அறிவிலிருந்து ஆய்வகத்திற்கும், ஆய்வகத்திலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தாகச் சந்தைக்கும் சென்ற வரலாறே அது. அவ்வரலாற்றில் வாய்மொழிச் சான்று எவ்வாறு கையாளப்பட்டது என்பதையும், அதிலிருந்து இன்றைய மாணவர் ஆய்வு பெறத்தக்க பாடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மலையும் மக்களும்

பொதிகை எனவும் அகத்தியர் வாழிடம் எனவும் தமிழ் மரபு போற்றும் மலைத்தொடர் இன்று இரு மாநிலங்களுக்கு உரியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. அதனால் ஒரே மலையில் வாழ்ந்த காணிக்காரர் இரு மாநிலத்தவராயினர். பாபநாசம், பேச்சிப்பாறை ஆகிய பகுதிகளில் வாழ்வோர் தமிழகத்தினர். குற்றிச்சல், விதுரை, பெரிங்கம்மலை ஆகிய ஊராட்சிகளில் வாழ்வோர் கேரளத்தினர். 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அகத்தியமலை, 2016இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வரிசையில் இடம்பெற்றது. அக்காப்பகமும் இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது.

காணிக்காரரின் பேச்சு தமிழும் மலையாளமும் விரவியது. அவர்தம் ஊர்த்தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். நோய் தீர்ப்பவரும் சடங்கு நிகழ்த்துபவரும் பிலாத்தி எனப்படுவார். கொக்கரை என்னும் இரும்புக் கருவியை இசைத்துப் பாடப்படும் சாற்றுப்பாட்டு அவர்தம் நோய்தீர் சடங்கின் உயிர்நாடி. மருந்தறிவு அவர்களிடத்தில் ஏட்டில் இல்லை. நாவிலும் நடையிலும் உள்ளது. 'காணி' என்னும் சொல் தமிழில் வழிவழி உரிமையுடைய நிலத்தைக் குறிக்கும். அப்பெயரைத் தாங்கிய மக்கள் தம் மலையின் செடியொன்றைப் பயிரிடவே பிற்காலத்தில் தடை எதிர்கொண்டனர் என்பது இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

1987: மலைவழியில் ஒரு கனி

நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1980களில் பழங்குடியினரின் உயிரியல் அறிவைப் பதிவுசெய்யும் நோக்கில் அனைத்திந்திய ஒருங்கிணைந்த இனவுயிரியல் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தலைமை ஒருங்கிணைப்பாளர் முனைவர் பி.புஷ்பாங்கதன். 1987 டிசம்பரில் அவரது குழு அகத்தியமலைக் காட்டில் களப்பணி மேற்கொண்டபோது காணிக்காரர் சிலர் வழிகாட்டிகளாக உடன் சென்றனர். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்துத் தளர்ந்தனர். வழிகாட்டிகளோ வழியில் சிறு கனிகளைத் தின்றவாறே தளர்ச்சியின்றி நடந்தனர். அக்கனிகளை ஆய்வாளர்களும் உண்டு களைப்பு நீங்கியதாக உணர்ந்தனர். எச்செடியின் கனி எனக் கேட்டபோது வழிகாட்டிகள் உடனே சொல்லவில்லை. அது வெளியாருக்குச் சொல்லப்படாத அறிவு. பலமுறை வேண்டிய பின்னரே செடியைக் காட்டினர். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்னும் பெயர்கள் இந்நிகழ்வோடு சேர்த்துப் பதிவாகியுள்ளன.

அச்செடிக்கு அவர்கள் வழங்கிய பெயர் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலார் அதனை டிரைக்கோபஸ் ஜெய்லானிகஸ் என அடையாளங்கண்டனர். வள்ளிக்கிழங்கு இனங்கள் அடங்கிய குடும்பத்தைச் சார்ந்த, நிழலில் வளரும் சிறுசெடி அது. இலங்கையைக் குறிக்கும் 'ஜெய்லானிகஸ்' என்னும் அடைமொழியோடு கேர்ட்னர் என்னும் செருமானியத் தாவரவியலார் 1788இலேயே அதற்குப் பெயரிட்டிருந்தார். எனவே அறிவியல் உலகிற்குச் செடி புதியதன்று. இருநூறு ஆண்டுகளாகப் பெயர் பெற்றிருந்தது. புதியது அதன் பயன். அப்பயனைத் தந்தவை மலைவழியில் பேசப்பட்ட சில சொற்களே.

கனி, விதை, இலை

1988இல் புஷ்பாங்கதனும் உடன் ஆய்வாளர்களும் ஆரோக்கியப்பச்சையைப் பற்றிய முதற்கட்டுரையை வெளியிட்டனர். செடியின் ஆற்றலை உணர்த்தக் கொரிய மருத்துவத்தின் புகழ்பெற்ற ஜின்செங் வேரோடு ஒப்பிட்டனர். தொடக்கநிலைச் சோதனைகள் ஜம்முவிலுள்ள மண்டல ஆய்வகத்தில் நிகழ்ந்தன. 1989இல் வெளிவந்த கட்டுரை, உடலுக்கு நேரும் நெருக்கடியைத் தாங்கச் செய்யும் பண்பு இச்செடியின் விதைக்கு உண்டா என ஆராய்ந்தது. பின்னர்ப் புஷ்பாங்கதன் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். 1979இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் இன்று சவகர்லால் நேருவின் பெயரைத் தாங்கியுள்ளது. ஆய்வு அங்குத் தொடர்ந்தது. ஏ.சுப்பிரமணியம், எஸ்.இராஜசேகரன் முதலியோர் 1990களில் பல மருந்தியல் கட்டுரைகளை வெளியிட்டனர். உடற்பயிற்சியின்போதும் ஓய்வின்போதும் சுண்டெலிகளின் ஆற்றல் வளர்சிதை மாற்றத்தில் இலைச்சாறு விளைக்கும் மாறுதலை 2002இல் வெளியான கட்டுரை ஒன்று ஆராய்ந்தது.

இவ்வரிசையில் ஒரு மாற்றம் ஈண்டு நோக்கத்தக்கது. 1987இல் காணிக்காரர் உண்டது கனி. 1989இல் ஆராயப்பெற்றது விதை. பின்னர் மருந்துக்குக் கொள்ளப்பட்டது இலை. இம்மாற்றத்திற்குத் தக்க காரணம் உண்டு. கனி சிறிது, கிடைப்பும் குறைவு. இலையைப் பறித்தால் செடி அழியாது மீண்டும் தழைக்கும். ஆனால் நச்சியல் நோக்கில் இதன் விளைவு பெரிது. 'பன்னெடுங்காலமாக மக்கள் உண்டு வருகின்றனர். ஆகவே தீங்கற்றது' என்னும் வாதம் மக்கள் உண்ட உறுப்புக்கும் உண்ட முறைக்குமே பொருந்தும். கனிக்கு உரிய சான்று இலைக்குச் சான்றாகாது. பறித்தவாறே உண்ட கனிக்கும் வடித்தெடுத்த சாற்றுக்கும் வேதிப்பொருள் அளவில் வேற்றுமை உண்டு. ஆரோக்கியப்பச்சையின் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகிய மூன்றும் சேர்த்து ஜீவனி ஆக்கப்பட்டது. அக்கூட்டு எந்தக் காணிக்காரரும் உண்டறியாதது. எனவே அதன் தீங்கின்மை ஆய்வகத்தில் மட்டுமே நிறுவப்பட வேண்டியதாயிற்று.

'பச்சை' என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. தமிழிலும் மலையாளத்திலும் அது நிறத்தைக் குறிக்கும். வாடாத தன்மையைக் குறிக்கும். சமைக்காத, பதப்படுத்தாத நிலையையும் குறிக்கும். ஆய்வாளர்கள் இப்பெயரை என்றும் வாடாத நலம் தருவது என்னும் கருத்தில் மொழிபெயர்த்தனர். நலம் தரும் பச்சிலை எனவும், பச்சையாகவே உண்ணத்தக்கது எனவும் பொருள்கொள்ள மொழியில் இடமுண்டு. ஒரு பெயரின் பொருட்பன்மை மருந்து ஆக்கும் முறையைப் பற்றிய வினாவாகவே மாறுவதை இதனால் அறியலாம். அவ்வினாவைக் களத்தில் எழுப்பவல்லவர் அம்மொழி அறிந்தவரே.

பங்கீடும் பிளவும்

1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்து நிறுவனத்திற்கு ஜீவனியை ஆக்கும் உரிமம் ஏழாண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய்; விற்பனையில் 2 விழுக்காடு உரிமைப்பங்கு. இவ்விரண்டிலும் சரிபாதியைக் காணிக்காரருக்கு அளிக்கப் பாலோடு நிறுவனம் முடிவுசெய்தது. உயிரியல் பல்வகைமை உடன்படிக்கை 1992இல்தான் உருவாகியிருந்தது. இந்தியாவின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் வர மேலும் ஏழாண்டுகள் இருந்தன. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில் ஓர் ஆய்வு நிறுவனம் தானாகவே பாதியைப் பகிர முன்வந்தது உலக அளவில் முன்னோடியாகப் பேசப்பட்டது. 2002இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டின்போது ஐக்கிய நாடுகளின் ஈக்வேட்டர் விருது இம்முயற்சிக்காகப் புஷ்பாங்கதனுக்கு வழங்கப்பெற்றது.

எனினும் பணத்தைப் பெறுவதற்கு உரிய அமைப்பு அன்று மலையில் இல்லை. 1997 நவம்பரில்தான் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவுசெய்யப்பட்டது. 1999 பிப்ரவரியில் சுமார் 5.19 லட்சம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது. உரிமக் கட்டணத்தின் பாதி மட்டுமே 5 லட்சம் ஆதலின், விற்பனைவழி வந்த பங்கு மிகச் சிறிதே என்பது வெளிப்படை. 1987 டிசம்பரில் சொல்லப்பட்ட சொல்லுக்குரிய பயன் பொதுநிதியாக மலை ஏறப் பதினோர் ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இதனிடையே காணிக்காரருக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. வழிகாட்டிகள் குற்றிச்சல் பகுதியினர். விதுரை, பெரிங்கம்மலைப் பகுதிகளைச் சார்ந்த ஒன்பது பிலாத்திகள், தம் மரபறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்து 1995இல் கேரள முதலமைச்சருக்கு மடல் எழுதினர். அறிவு யாருடையது என்னும் வினா இம்மடலால் கூர்மையடைந்தது. வழிகாட்டிய இருவருடையதா? காக்கும் கடமையுடைய பிலாத்திகளுடையதா? இனம் முழுவதற்கும் பொதுவா? பொது எனில், மலையின் மறுசரிவில் வாழும் தமிழகக் காணிக்காரருக்கு அதில் இடமுண்டா? அறக்கட்டளையின் பெயரிலேயே 'கேரள' என்னும் சொல் நிற்கிறது. 1956இல் வரையப்பட்ட எல்லை, அதனினும் பன்மடங்கு பழைய ஓர் அறிவின் பயனையும் பிரித்துவிட்டது எனலாம்.

வேறு இடர்களும் சேர்ந்தன. இலைத்தேவைக்காகக் காணிக்குடும்பங்கள் செடியைப் பயிரிட ஊக்கம்பெற்றன. ஆனால் செடிகள் ஒதுக்குக்காட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்படுகின்றன என்னும் ஐயத்தால் வனத்துறை தடைவிதித்தது, இலைவரத்து குன்றியது. வெளிநாடுகளில் 'ஜீவனி' என்னும் பெயருக்கு முன்கூட்டியே பாதுகாப்புப் பெறப்படவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று அதனைத் தன் வணிகக்குறியாகப் பதிவுசெய்துகொண்டது. இவை அனைத்தையும் நோக்குமிடத்து, பாலோட்டு ஆய்வாளர்களின் நல்நோக்கம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது என்றாலும், தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய பதிவு ஒன்று செய்யப்படாமையின் விளைவு நெடுகத் தொடர்ந்தமை புலனாகிறது. யார் சார்பில் யார் சொல்கிறார், சொல்ல அவருக்கு உரிமை உண்டா, எதற்காகச் சொல்கிறார் என்பவற்றைக் கேட்டு எழுதுவதே அப்பதிவு. அன்று அதனைக் கேட்கும் வழக்கம் உலகில் எங்கும் வேரூன்றியிருக்கவில்லை.

இரு முன்மாதிரிகள்

வழக்கம் இல்லாவிடினும் முன்மாதிரி இருந்தது. அதுவும் இம்மலையாள நாட்டிலேயே இருந்தது. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் தாவரநூலின் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் வாக்குமூலம் அவர்தம் மொழியிலேயே அச்சாகியுள்ளது. சேர்த்தலைப் பகுதியைச் சார்ந்த அவ்வைத்தியர், தம் குடும்ப ஏட்டிலும் பட்டறிவிலும் உள்ள மரம், செடி, கொடிகளின் பயனைத் தாமே சொல்லியதாக 1675இல் கையொப்பமிட்டார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரின் சான்றும் உடன் உள்ளது. படங்களில் தாவரப் பெயர்கள் மலையாள எழுத்திலும் பொறிக்கப்பட்டன. அந்நூலை கே.எஸ்.மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்தில் பெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் திருவனந்தபுரத்திலிருந்து வெளியிட்டது. மலையாளப் பெயர்ப்பு 2008இல் வந்தது. காலனிய ஆட்சியாளர் ஒருவரின் நூல் அது. வணிக நோக்கமும் உடையது. ஆயினும் சொன்னவரின் பெயர், ஊர், மொழி, எழுத்து ஆகிய நான்கும் அதில் காக்கப்பட்டமையால்தான் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இட்டி அச்சுதனை ஆய்வுலகம் ஓர் அறிஞராக அறிகிறது.

இதற்கு மறுதலையான முன்மாதிரி இங்கிலாந்தில் உண்டு. இதயநோய்க்குரிய டிஜிட்டாலிஸ் மருந்தின் வரலாறு வில்லியம் விதரிங் 1785இல் வெளியிட்ட நூலோடு தொடங்குவதாகக் கூறுவர். நீர்க்கோவைக்குரிய குடும்ப மருந்து ஒன்றைப் பற்றி 1775இல் அவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஷ்ராப்ஷயர் நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருவர் மறைபொருளாகக் காத்துவந்த அம்மருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் ஆற்றலுடையது நரிக்கையுறைச் செடியே என விதரிங் கண்டறிந்தார். அளவு மிகுந்தால் வாந்தி, பார்வைக்கோளாறு, நாடித்தளர்ச்சி, இறப்பு நேரும் என்பதையும் நோயாளர்வழி எழுதிவைத்தார். மருந்தியலும் நச்சியலும் ஒருங்கே அமைந்த முதல்தர ஆய்வு அது. அம்மூதாட்டியின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. 20ஆம் நூற்றாண்டில் மருந்து நிறுவனம் ஒன்றின் விளம்பரம் அவளுக்குப் பெயரொன்றைப் புனைந்து சூட்டியது. அப்புனைபெயரைப் பாடநூல்கள் சிலவும் உண்மையென ஏற்றன. சான்று சொன்னவரின் பெயரை வரலாறு எழுதாவிடின் விளம்பரம் எழுதிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

பெயரும் நஞ்சும்

சொல்லையும் பெயரையும் காப்பது அறவுணர்வு மட்டுமன்று, நச்சியல் தேவையுமாகும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் இளைப்பதற்கான மூலிகைக் குளிகை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதுற்று மருத்துவமனையை அடைந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஆராய்ந்தபோது, குளிகையில் சேர்க்கப்பட வேண்டிய சீன மூலிகையின் இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனத்து மூலிகை கலந்திருந்தமை தெரியவந்தது. இரண்டிற்கும் சீன மொழியில் 'ஃபாங்ஜி' என்பது பொதுப்பெயர், முன்னடையே வேறு. அம்முன்னடை தொலைந்த இடத்தில் நஞ்சு புகுந்தது.

தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் இது தொலைவான செய்தியன்று. ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியன அதே அரிஸ்டோலோக்கியா இனத்தவை. பாம்புக்கடி முதலியவற்றிற்கு நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வருபவை. இவ்வினத்திலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் இத்தகைய தீங்கை வாய்மொழி மரபு தன் பட்டறிவால் மட்டும் கண்டுகொள்ளல் அரிது. ஆகவே மரபறிவைப் போற்றுவது என்பது அதனைச் சோதிக்காது ஏற்பதன்று. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழியின் கருத்தையே 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் நச்சியலின் அடிப்படையாக வகுத்தார். ஆனால் சோதனைக்கு முன் அளவு தெரிய வேண்டும். நாட்டு மருத்துவத்தில் அவ்வளவு மிளகளவு, குன்றிமணியெடை, கொட்டைப்பாக்களவு, நெல்லிக்காயளவு, ஒருபிடி என்னும் சொற்களில் உள்ளது. கொழுந்து, காய், கனி, பட்டை, வேர், சமூலம் என்பன உறுப்பைச் சுட்டும். பத்தியம், துணைமருந்து, சுத்தி என்பன தீங்கைத் தடுக்கும் முறையைச் சுட்டும். இச்சொற்களை 'மக்கள் பயன்படுத்துகின்றனர்' என்னும் ஒற்றைத் தொடராகச் சுருக்கும்போது கைவிடப்படுவது நச்சியல் தரவே.

மாணவர் ஆய்வேட்டின் இடம்

மருந்தியல் ஒரு தனித்துறையாக நிலைபெற்றதில் மாணவர் ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. டோர்பாட் பல்கலைக்கழகத்தில் 1847 முதல் பணியாற்றிய ருடால்ஃப் புக்ஹைம், முதல் மருந்தியல் ஆய்வகத்தைத் தம் இல்லத்திலேயே அமைத்து மாணவரைக்கொண்டு சோதனைகள் நிகழ்த்தினார். அவர்தம் மாணவர் ஆஸ்வால்ட் ஷ்மீடபெர்க் குருதியிலுள்ள குளோரோஃபாரத்தை அளப்பது பற்றி 1866இல் ஆய்வேடு அளித்துப் பின்னர் ஸ்திராஸ்பர்க்கில் உலகெங்கணுமிருந்து வந்த மாணவரைப் பயிற்றுவித்தார். ஆய்வேட்டின் முறையியல் எவ்வாறு அமைகிறதோ அவ்வாறே துறையும் அமையும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும். திருவனந்தபுரத்திலும் 1937இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, பாலோட்டு நிறுவனம், செயற்கை இதயத் தடுக்கிதழ் முதலிய உட்பொருத்துப் பொருள்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் எனத் தலைமுறைதோறும் மாணவர் ஆய்வுக்குக் களங்கள் பெருகின.

இன்று ஒரு மாணவர் சுண்டெலியைச் சோதனைக்கு உட்படுத்த விரும்பினால் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த விதிகளின்படி நிறுவன அறநெறிக்குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். எத்தனை எலிகள், என்ன எடை, எவ்வளவு மருந்து என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். எலிக்கு உள்ள இப்பதிவு, மருந்தைச் சொன்ன மனிதருக்கும் இருத்தல் வேண்டும் என்பது மிகையான வேண்டுகோள் ஆகாது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் அயல்நாட்டாருக்கும் காப்புரிமை நாடுவோருக்கும் முன்னொப்புதலைக் கட்டாயமாக்கியது. ஆயின் இந்திய மாணவர் ஒருவரின் கல்விசார் ஆய்வேடு இவ்விரு வரம்புகளிலும் அடங்குவதன்று. அங்குச் சட்டத்தின் இடத்தை ஆய்வுநெறியே நிரப்ப வேண்டும்.

இதில் தமிழாய்வாளர் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 2023இல் நிறைவேறிய திருத்தச்சட்டம் 'தொகுக்கப்பட்ட மரபறிவு' என்பதைத் தனியே பிரித்து, அதனைப் பயன்கொள்வோருக்குச் சில விலக்குகளை அளித்தது. 2001இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகமும் சித்தம், ஆயுர்வேதம் முதலியவற்றின் ஏட்டறிவையே திரட்டியது. ஏட்டில் ஏறியது, ஏறாதது என்னும் இப்பிரிவில் பிலாத்தியின் அறிவு இரண்டாவதைச் சாரும். நூலறிவை அயலார் காப்புரிமையிலிருந்து காக்க நூலே சான்று. வாய்மொழி அறிவைக் காக்கச் சொன்னவரின் பெயரும் சொல்லும் அன்றி வேறு சான்றில்லை. மரபறிவின் தோற்றுவாயைக் காப்புரிமை விண்ணப்பத்தில் வெளிப்படுத்த வேண்டும் என 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உடன்படிக்கை வலியுறுத்துகிறது. தோற்றுவாய் முதலில் களக்குறிப்பில் இருந்தால்தான் விண்ணப்பத்தில் இடம்பெற முடியும்.

முடிவுரை

ஆரோக்கியப்பச்சையின் வரலாறு இரு செய்திகளைத் தருகிறது. பழங்குடியினரின் சொல்லை மதித்துப் பயனைப் பகிர முனைந்த ஆய்வாளர்கள் சட்டத்திற்கு முன்னரே இந்நாட்டில் இருந்தனர் என்பது ஒன்று. மதிப்பு மட்டும் போதாது, சொல்லும் சொன்னவரும் சொல்லும் உரிமையும் தொடக்கத்திலேயே பதிவாக வேண்டும் என்பது மற்றொன்று. கனிக்குரிய சான்று இலைக்கு மாறியதும், ஒரு மலையின் அறிவு ஒரு மாநிலத்தின் அறக்கட்டளையில் அடங்கியதும், மருந்தின் பெயர் கடல்கடந்து பிறர் உடைமையானதும் வெவ்வேறு நிகழ்வுகளாகத் தோன்றினும், முதல் சான்றின் முழுமையின்மை என்னும் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன.

இப்பதிவுப் பணி மருந்தியல் மாணவரால் மட்டும் இயல்வதன்று. வட்டாரச் சொல், அளவுப்பெயர், உறுப்புப்பெயர், ஒருபெயர்ப் பலபொருள் ஆகியவற்றைப் பிரித்தறிதல் மொழியாய்வாளரின் பணி. கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் தமிழ்த்துறையும் உயிர் அறிவியல் துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ளன. மருந்தியல், நச்சியல் ஆய்வேடு ஒவ்வொன்றிலும் சோதனை முறையியலுக்கு முன் 'வாய்மொழிச் சான்று' என ஓர் இயல் அமையுமாயின், அதில் சொன்னவர் விரும்பினால் அவர் பெயரும், அவர் சொன்ன சொல் அவர்தம் மொழியிலும், ஒப்புதல் அளித்த முறையும் இடம்பெறுமாயின், அவ்வியலை மொழித்துறை ஆசிரியர் ஒருவர் உடனிருந்து சரிபார்ப்பாராயின், மலைவழியில் கேட்ட சொல் ஆய்வகத்தில் தொலையாது. 1675இல் இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த அளவேனும் 21ஆம் நூற்றாண்டின் பிலாத்திக்குக் கிடைத்தல் வேண்டும்.